பழைய பந்தயச் சைக்கிளும் உடலின் அளவும்

பிறர் ஓட்டிய பந்தயச் சைக்கிளை வாங்கச் செல்வோர் அதன் வர்ணத்தையும் சங்கிலியையும் கியரையும் நெடுநேரம் ஆராய்வர். தேய்ந்த சங்கிலியை மாற்றலாம். உடலுக்கு ஒவ்வாத சட்டகத்தை மாற்றுவதோ வேறு வண்டி வாங்குவதேயாகும்.

சட்டகத்தின் அளவென்று விற்பவர் கூறுவது பெரும்பாலும் ஓர் இலக்கமே. 54, 56 என வரும் அவ்விலக்கம், ஆசனக் குழாயின் நீளத்தைச் சதமமீற்றரிற் குறிப்பது. மேற்குழாய் தரைக்குச் சமாந்தரமாக அமைந்த காலத்தில் அதற்கு மதிப்பிருந்தது. 1997ஆம் ஆண்டளவில் தாய்வானின் ஜயண்ட் நிறுவனம், மைக் பரோஸ் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளரின் எண்ணப்படி, மேற்குழாய் பின்னோக்கிச் சரிந்த சட்டகங்களை வெளியிட்டது. பிற நிறுவனங்களும் அவ்வழி சென்றன. ஆசனக் குழாய் குறுகிற்று. கைபிடிக்கும் ஆசனத்துக்கும் இடைப்பட்ட தூரம் குறுகவில்லை. ஆதலின் 50 எனக் குறித்த வண்டி, 54 எனக் குறித்ததிலும் நீண்டிருத்தல் வியப்பன்று.

ஆசனத்தை ஏற்றி இறக்கலாம். ஆகவே அதன் உயரம் பெருஞ்சிக்கலன்று. கவனிக்க வேண்டியது முன்பக்கமே. சமதரையில், பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நிமிர்த்தி நிறுத்துக. சுவரிலிருந்து மிதிகள் சுழலும் நடு அச்சுக்கு எவ்வளவு, தலைக்குழாயின் மேல்முனைக்கு எவ்வளவு என அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், சட்டகத்தின் எட்டம் கிடைக்கும். அவ்விரு புள்ளிகளையும் தரையிலிருந்து அளந்து கழித்தால் அதன் எழுச்சி கிடைக்கும். எட்டம் மிகுந்தால் கழுத்தும் மணிக்கட்டும் நோகும். எழுச்சி குறைந்தால் முதுகு அளவுக்கு மீறிக் குனியும். நோவு தராத, பழகிய பந்தயச் சைக்கிள் ஒன்றையும் இவ்வாறே அளந்து ஒப்பிடுதல் நன்று.

மேற்குழாயின் நீளத்தை மட்டும் நம்புவோரும் ஏமாறுவர். ஆசனக் குழாய் ஒரு பாகை கூடுதலாக நிமிர்ந்திருப்பின், 70 சதமமீற்றர் உயரத்தில் ஆசனம் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் முன்னே வந்துவிடும். முழங்காலுக்கு ஏற்ப அதைப் பின்தள்ளியதும் கைபிடி அவ்வளவு தூரம் அகன்றுபோகும்.

முன்னைய உரிமையாளர் பட்ட பாட்டையும் வண்டியிலேயே காணலாம். கைபிடியைத் தாங்கும் தண்டு மிகக் குறுகியதாய், அதன்கீழ் வளையங்கள் உயர அடுக்கப்பட்டிருந்தால், சட்டகம் அவருக்கு நீளமாகவும் தாழ்வாகவும் இருந்ததென்று ஐயுறலாம். தலைக்குழாயின் அருகே, கீழ்க்குழாயின் அடியில் வர்ணம் சுருங்கியோ வெடித்தோ இருப்பின், வண்டி எதிலோ மோதியிருத்தல் கூடும். அத்தகைய சட்டகத்தின் கோணங்கள் பிறந்தபடி இரா. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடுதலே தகும்.