பிரெஞ்சுக் காரும் தில்லிக் குடும்பமும்

தில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில், பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்கு அடுத்தபடியாக மிகுந்த ஆலோசனைக்கு உள்ளாகும் காரியம் கார் வாங்குவதேயாகும். இராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் ஞாயிற்றுக்கிழமைத் தரிசனம் முடித்துப் படியிறங்கி வருகிறவர்களுள் இருவராவது வண்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருவார்கள். அண்மைக் காலத்தில் அந்தப் பேச்சிலே ஒரு புது விஷயம் புகுந்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஒன்றுகூடி இழுக்கும் ஹைப்ரிட் வண்டி, அதிலும் பிரெஞ்சு நிறுவனத்தாரின் ஹைப்ரிட் வண்டி, நம் போன்றோர் வாங்கத் தக்கதுதானா என்பதே அது. 2026 ஜனவரியில் ரெனோ நிறுவனம் தன் டஸ்டர் வண்டியைப் புது உருவில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அதில் ஹைப்ரிட் வகையும் உண்டு என அறிவித்தது முதல் இக்கேள்வி வலுத்துவிட்டது.

நாலு பேர் சொல்வதை நாமும் காது கொடுத்துக் கேட்டோம். 'உட்கார்ந்து போவதற்கு அதைப் போல் சுகமில்லை. பள்ளமும் மேடும் உடம்பில் தெரியாது' என்பது முதற் சொல். 'ஆனால் உதிரிச் சாமான் கிடைக்காது' என்பது அடுத்த சொல். 'விற்கப் போனால் கேட்பாரில்லை' என்பது மூன்றாவது. இம்மூன்றையும் அழுத்தந்திருத்தமாகச் சொன்னவர்களுட் பெரும்பாலோர் பிரெஞ்சுக் கார் எதையும் வைத்திருந்தவர்களல்லர் என்பதையும் நாம் கவனித்தோம். அதனால் அவர்கள் சொல் பொய்யென்று ஆகிவிடாது. அது எங்கிருந்து பிறந்தது என்று மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அது பிறந்த இடம் பேஷோ 309 என்னும் வண்டி. பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, பத்மினி காரைச் செய்து புகழ்பெற்ற அதே கம்பெனி, பிரான்ஸின் பேஷோவுடன் கூட்டுச் சேர்ந்து 1994-இல் இவ்வண்டியைக் கல்யாண் தொழிற்சாலையிலிருந்து வெளியிட்டது. அம்பாஸடரிலும் பத்மினியிலும் குலுங்கிப் பழகிய நம் நாட்டார்க்கு அதன் சொகுசு ஒரு வியப்பாகவே இருந்தது. கூட்டு நிலைக்கவில்லை. தொழிலாளர் தகராறும் கூட்டாளிகளுக்குள் மனத்தாங்கலுமாக, 1997-இல் பேஷோ விலகிச் சென்றது. வண்டி வாங்கியவர்கள் மட்டும் வண்டியோடு நின்றார்கள். காஷ்மீரி கேட் உதிரிச் சாமான் கடைவீதியை நம் வாசகர்கள் அறிவார்கள். எந்தக் காரின் எந்த உறுப்பையும் அங்கே தேடிப் பிடித்துவிடலாம் என்பது தில்லிவாசிகளின் நம்பிக்கை. அந்த வீதியே கைவிரித்த வண்டிகளுள் இதுவும் ஒன்றாயிற்று. எஞ்சின் கெட்டதால் அன்று, கம்பெனி போனதால் அந்த வண்டி வீணாயிற்று. இந்த வேறுபாட்டை நம்மவர் காலப்போக்கில் மறந்து, 'பிரெஞ்சு வண்டி நிற்காது' என்று சுருக்கிவிட்டார்கள். (பேஷோ குழுமத்தார் இருபது ஆண்டு கழித்து, 2017-இல், அம்பாஸடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள் என்பது தனி வேடிக்கை.)

ரெனோவின் கதையும் தடுமாற்றத்தோடுதான் தொடங்கிற்று. மகேந்திராவுடன் சேர்ந்து 2007-இல் லோகன் காரை விற்றது. 2010-இல் அக்கூட்டு பிரிந்தது. ஆனால் அதே 2010-இல் நம் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து, ஆண்டுக்கு 4 லட்சம் கார் செய்யவல்ல தொழிற்சாலையைத் திறந்தன. அங்கிருந்து 2012-இல் டஸ்டரும், 2015-இல் க்விட்டும், 2019-இல் ட்ரைபரும் வந்தன. 2025-இல் நிஸ்ஸானின் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொண்டது. நாட்டை விட்டுப் போகிறவன் வீட்டை விலைக்கு வாங்கமாட்டான். ஆகையால் பேஷோவுக்கு நேர்ந்தது இதற்கும் நேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது நியாயமாகாது. தில்லி வீதியில் ஓடும் ரெனோக்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளின் கைபட்டவை என்பதில் நமக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டு. பெருமிதத்துக்காக யாரும் பத்துப் பதினைந்து லட்சம் செலவழிக்க வேண்டாம்.

இனி விலைபோகாது என்ற புகாருக்கு வருவோம். பழைய டஸ்டரை வைத்திருந்த தில்லிக்காரர்களுள் அதனைக் குறைகூறியவர்களை நாம் அதிகம் கண்டதில்லை. ஆயினும் அவர்களிற் பலர் அதைப் பாதி மனத்தோடு, அடிமாட்டு விலைக்கு, வெளிமாநிலத்தார்க்கு விற்க நேர்ந்தது. காரணம் கார் அன்று, சட்டம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல், பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்றது. பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் இத்தடை உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் இவற்றை உறுதிசெய்தது. 2012-இல் ஆசையோடு வாங்கிய டீசல் டஸ்டருக்கு 2022-இல் ஆயுள் முடிந்தது. வண்டியின் எஞ்சின் அதை அறியவில்லை! 2025 ஜூலையில் வயது முதிர்ந்த வண்டிகளுக்கு எரிபொருளே ஊற்றக்கூடாது என்ற உத்தரவு வந்து, சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணமாக்கி நடவடிக்கை எடுக்கக்கூடாது என்றது. டிசம்பரில் அப்பாதுகாப்பைப் பாரத் நான்காம் தரத்துக்கும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் மட்டும் என்று திருத்திற்று. இப்படி ஆண்டுக்கு ஒரு முறை மாறும் ஊரில், விற்பனை மதிப்பைக் கணிக்க முற்படுகிறவர் காரைப் பார்ப்பதற்குமுன் தீர்ப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹைப்ரிட் வண்டிக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. அது பெட்ரோல் வண்டிக் கணக்கில் சேர்வதால் டீசலுக்கு வந்த பத்தாண்டு விதி அதனைத் தொடாது.

ரெனோவின் ஹைப்ரிட் யந்திரம் எப்படிப்பட்டது? அதன் பிறப்புக் கதை சுவையானது. நிக்கொலா ஃப்ரெமோ என்னும் ரெனோ பொறியாளர், கிறிஸ்துமஸ் விடுமுறையில், தம் பிள்ளைகள் விளையாடும் லெகோ பல்சக்கரங்களைக் கொண்டு அதன் முதல் மாதிரியைக் கட்டிப் பார்த்தார். வேலை செய்யுமா என்ற ஐயத்தைப் பொம்மையிலேயே தீர்த்துக்கொண்டார் எனலாம். அந்த அமைப்பு 2020-இல் ஐரோப்பாவில் கிளியோ காரில் ஏறியது. இதில் கிளச் இல்லை. சாதாரண கியர்ப்பெட்டியில் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையங்களும் இல்லை. இரு மோட்டார்களுள் பெரியது சக்கரத்தைச் சுழற்றும். சிறியது எஞ்சினைக் கிளப்புவதோடு, கியர் மாறும் கணத்தில் பற்கள் இடறாமல் பொருந்தும்படி வேகத்தைச் சரிசெய்யும். வண்டி எப்போதும் மின்சாரத்திலேயே புறப்படும். பிரேக் மிதிக்கும்போது வீணாகும் விசை மின்சாரமாகிப் பாட்டரிக்குத் திரும்பும். வீட்டில் கம்பி மாட்டி ஊட்ட வேண்டியதில்லை. தேயும் உறுப்புக்கள் குறைவு என்பது இதன் சிறப்பு. கியர் மாறும்போது சிற்சில வேளை எஞ்சின் இரைகிறது, தயங்குகிறது என்பது ஓட்டியவர்கள் சொல்லும் குறை.

ஆசிரமச் சந்திப்பிலும் ஐ.டி.ஓ.விலும் தௌலா குவானிலும் மாலை ஆறு மணிக்கு ஊர்ந்து நகர்கிற பெருமக்களுக்கு இத்தகைய வண்டி ஏற்றது. நின்று நின்று போகுமிடத்தில்தான் அது மிச்சம் பிடிக்கும். யமுனை விரைவுச்சாலையில் ஒரே வேகத்தில் ஆக்ராவுக்குப் பறப்பவர்க்கு ஆதாயம் குறைவு.

பிரெஞ்சு ஹைப்ரிட் யாவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பேஷோ, சித்ரோவன் இரண்டும் இன்று ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தைச் சேர்ந்தவை. அக்குழுமத்தின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஐரோப்பாவில் பெருத்த அவப்பெயர் தேடிக்கொண்டது. அதன் டைமிங் பெல்ட் எண்ணெயிலேயே மூழ்கிச் சுற்றுவது; பெல்ட் சிதைந்து அத்துகள் எண்ணெய் வழியை அடைத்தது. புகார் பெருகவே 2024-இல் பத்தாண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதத்தை நீட்ட வேண்டியதாயிற்று. அவர்களுடைய புதிய 48 வோல்ட் ஹைப்ரிடில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி வந்துவிட்டது. எனினும் கெட்ட பெயர் கடல் கடந்து நம் மயூர் விகார் வரை வந்து, சம்பந்தமேயில்லாத ரெனோவின் தலையிலும் ஏறியிருக்கிறது. இந்தியாவில் சித்ரோவன் விற்றவை பெட்ரோல், டீசல், மின்சார வண்டிகளேயன்றி ஹைப்ரிட் அல்ல. திருவள்ளூரில் உருவாகும் வண்டிகளை வாங்க எண்ணுவோர் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது பணத்தைக் கணக்கிடுவோம். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறது என்று கொள்வோம். சாதாரணப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14, ஹைப்ரிட் 20 கிலோமீட்டர் கொடுத்தால், ஆண்டுக்கு 214 லிட்டர் மிச்சம். லிட்டர் 95 ரூபாய் என்றால் அது ஏறத்தாழ 20,000 ரூபாய். ஹைப்ரிடுக்கு அதிகம் கொடுத்த தொகை 3 லட்சம் என்று வைத்தால், அது திரும்பிவரப் பதினைந்தாண்டு பிடிக்கும். வண்டியின் முதற்பதிவும் அன்றே முடியும்! ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஏழரை ஆண்டு. ஆகவே மெட்ரோவில் அலுவலகம் சென்று, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் காரை எடுக்கும் நம்மவர் பலருக்கு இது ஆதாயமன்று என்றே நாம் கருதுகிறோம். வரியும் கைகொடுக்கவில்லை. 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி மாறியபோது பெரிய ஹைப்ரிட் வண்டிகளின் வரிச்சுமை 43 விழுக்காட்டிலிருந்து 40-க்கு இறங்கிற்று. மின்சார வண்டிக்கோ வெறும் 5.

நம்பகத்தைப் பற்றிய கடைசிச் சொல் பாட்டரியையும் பணிமனையையும் பொறுத்தது. டொயோட்டா 1997-லேயே ஜப்பானில் பிரியஸ் ஹைப்ரிடை விற்கத் தொடங்கியது. இந்தியாவில் தன் ஹைப்ரிட் பாட்டரிக்கு எட்டாண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. பிரெஞ்சுக்காரர்களை அந்தக் கோலால் அளப்பதே முறை. அதற்குக் குறைந்து தந்தால் வாங்கத் தேவையில்லை என்று நாம் தயங்காமல் சொல்வோம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பியைத் தெருவோர மெக்கானிக் தொடக்கூடாது. கரோல்பாக் சந்தில் பத்தே நிமிஷத்தில் சரிசெய்து தரும் சர்தார்ஜியின் சேவை இதற்கு உதவாது.

நம் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மயூர் விகாரில் நமக்குப் பழக்கமான மத்திய அரசு அலுவலர் ஒருவர், ஓய்வு பெற இன்னும் நான்காண்டு உள்ளவர், டஸ்டர் ஹைப்ரிடில் மனம் வைத்திருக்கிறார். அதன்பின் அவர் தஞ்சாவூருக்குத் திரும்ப வேண்டும்; தில்லியில் தடையின்மைச் சான்று பெற்று, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, அங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. வண்டி பிறந்த ஒரகடம் தஞ்சைக்கு ஒரு பகல் தூரந்தான். ஆனால் தஞ்சைப் பணிமனையில் ஹைப்ரிட் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறானா என்பதே அவர் கேள்வி. அதை நேரில் போய்ப் பார்த்து எழுதும்படி அங்குள்ள மைத்துனருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். பதில் வரும்வரை முன்பணம் கட்டுவதில்லை என்று அம்மையார் சொல்லிவிட்டார்.