கப்பற் பிரயாணமும் கடிக்கும் நுளம்பும்

வல்வெட்டித்துறையிலே எமக்கு நெடுநாட் பழக்கமான முதியவர் ஒருவர் இருக்கின்றார். அவருடைய பாட்டனார் பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர். அண்மையில் ஒருநாள் மாலை அவருடைய இல்லத்துக்குச் சென்றிருந்தோம். விறாந்தையில் சாய்மனைக் கதிரையிலே அமர்ந்திருந்த அவர் மடிமீது வர்ணப் படங்கள் நிறைந்த சிறு பிரசுரம் ஒன்று கிடந்தது. கனடாவிலுள்ள மகன் அனுப்பியது. மார்கழி விடுமுறையில் மகன் குடும்பமும், இலண்டனிலிருந்து மகள் குடும்பமும் ஊருக்கு வருவதாகவும், தைப்பொங்கலன்று கடற்கரையிலே பட்டத் திருவிழாவைக் கண்டபின் எல்லோருமாகச் சிங்கப்பூர் சென்று, அங்கே உல்லாசப் பயணக் கப்பலேறி, மலேசிய, தாய்லாந்துத் துறைமுகங்களை ஒரு வாரம் சுற்றி வருவதாகவும் ஏற்பாடு.

மகிழவேண்டிய பெரியவரின் முகத்தில் ஏனோ மகிழ்ச்சி நிறையவில்லை. மருமகள் கருவுற்றிருக்கின்றாள். தாமோ சில ஆண்டுகளுக்கு முன் டெங்குக் காய்ச்சலிற் படுத்து எழுந்தவர். போதாக்குறைக்கு மகள் தொலைபேசியில், “அப்பா, அந்தத் துறைமுகங்களில் நுளம்புக் காய்ச்சல் இருக்கிறதாமே! யோசித்துச் செய்யுங்கள்” என்று சொல்லியிருக்கின்றாள்.

“தம்பி, இரங்கூனுக்கும் சிட்டகொங்குக்கும் பாய்விரித்துப் போன ஊர் இது. நுளம்புக்குப் பயந்து கப்பல் ஏறாமல் விடுவதோ?” என்று எம்மைக் கேட்டார் அவர்.

கேள்வி அவருடையது மட்டுமன்று. 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசப் பயணக் கப்பலொன்று காங்கேசன்துறைக்கும் வந்துபோயிற்று. கடல் கடந்த நாடுகளிற் பிள்ளைகளை உடையோர் பலருக்கு இத்தகைய பிரயாணம் இன்று எட்டும் கனியாகிவிட்டது. ஆகவே, அச்சத்தையும் அலட்சியத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, இதனை நிதானமாக நிறுத்துப் பார்ப்போம்.

பாய்க்கப்பலில் வந்த பயணி

நுளம்புக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. டெங்கு, சிக்குன்குனியா, ஸிகா, மஞ்சள் காய்ச்சல் ஆகிய நான்கையும் பரப்புவதில் முதன்மையானது ஈடிஸ் ஈஜிப்தி என்னும் ஒரே நுளம்பினமாகும். இதன் பூர்வீகம் ஆபிரிக்கா. அடிமை வியாபாரம் நடந்த காலத்திலே, பாய்க்கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் முட்டையிட்டுப் பெருகி, இந்நுளம்பு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. அதனோடு மஞ்சள் காய்ச்சலும் அமெரிக்கக் கரையில் இறங்கியது. 1793இல் பிலடெல்பியா நகரத்தை அக்காய்ச்சல் சூறையாடியபோது நோய் எவ்வாறு வந்ததென ஒருவரும் அறிந்திலர். நுளம்பே இதனைப் பரப்புகின்றதென 1881இல் கியூபாவின் வைத்தியர் கார்லோஸ் பின்லே கூறினார். உலகம் அதனை நம்பவில்லை. 1900ஆம் ஆண்டிலே வால்டர் றீட் தலைமையிலான குழுவினர் ஹவானாவிற் செய்த பரிசோதனைகளே அவர் கூற்றை நிலைநாட்டின.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’, வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கியபின், எம்மூர் மாலுமிகளோடு சமுத்திரங்களைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை எம்மவர் பெருமையோடு நினைவு கூர்வர். அக்காலக் கப்பலோட்டிகளுக்குக் காற்றும் அலையும் கண்ணுக்குத் தெரிந்த பகைகள். நோயோ கண்ணுக்குத் தெரியாத பகை.

இன்றைய உல்லாசக் கப்பலில் நிலைமை வேறு. குடிநீர் மூடிய தாங்கிகளில் இருக்கின்றது. அறைகள் குளிரூட்டப்பட்டு யன்னல்கள் அடைக்கப்பட்டுள்ளன. சர்வதேசச் சுகாதார ஒழுங்குவிதிகளின்படி கப்பல்கள் பரிசோதிக்கப்பட்டு, ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாகும் அத்தாட்சிப் பத்திரம் பெறவேண்டும். நடுக்கடலில் நுளம்புக்கு வாழ்வில்லை. ஆகவே, கப்பலென்றதுமே நுளம்புக் காய்ச்சலை எண்ணி அஞ்சுவது பொருத்தமன்று. ஆபத்து இருப்பது கப்பலிலிருந்து இறங்கிக் கரையில் உலாவும் அந்தச் சில மணி நேரத்திலேயாம்.

அந்நேரமும் பெரும்பாலும் பகற்பொழுதாகவே அமைவதைக் கவனிக்கவேண்டும். ஈடிஸ் நுளம்பு பகலிற் கடிப்பது. காலையில் வெயில் கடுக்குமுன்னும், மாலையில் பொழுது சாயுமுன்னும் அதன் தொல்லை மிகுதி. இரவில் நுளம்புவலைக்குள் உறங்கிவிட்டோம் என்று ஆறுதல் கொள்வதில் முழுப் பயனில்லை. காலையுணவு முடித்துக் கப்பலை விட்டிறங்கி, கடைவீதியிலும் பூங்காவிலும் திரிந்து, மாலையில் மீளும் பயணியின் நேரமும் நுளம்பின் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

யாருக்கு எவ்வளவு பாரம்?

ஒரே கடி எல்லோரையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. ஆதலால் “அத்துறைமுகத்திற் காய்ச்சல் உண்டா?” என்று கேட்பதோடு நில்லாமல், “போகின்றவர் யார்?” என்றும் கேட்கவேண்டும்.

முதலிற் கருவுற்ற பெண்கள். ஸிகா வைரசு பெரும்பாலோருக்கு மிக இலேசான நோய். பலருக்கு வந்ததே தெரியாமற் போய்விடும். ஆயினும் தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கக்கூடும். பிரேசில் நாட்டிலே தலை சிறுத்த குழந்தைகள் பல பிறந்ததைத் தொடர்ந்து, 2016 பெப்ரவரி 1ஆந் திகதி உலகச் சுகாதார நிறுவனம் உலகளாவிய அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தது. அதே ஆண்டு ஆவணியில், தூய்மைக்குப் பேர்போன சிங்கப்பூரிலும் ஸிகா பரவிற்று. இந்நோய் கணவனிடமிருந்து மனைவிக்கும் தொற்றவல்லது. ஆகவே ஸிகா உள்ள நாட்டிலிருந்து மீண்ட ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் இரண்டு மாதமும் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு வைத்தியர்கள் சொல்கின்றனர்; மனைவி ஏற்கெனவே கருவுற்றிருப்பின், பிரசவம் வரையும் காப்புடன் இருத்தல் வேண்டும். நுளம்பு ஒருபுறமிருக்க, 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளைப் பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் ஏற்றுவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து, முன்னர் டெங்கு கண்டவர்கள். “ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது” என்று எண்ணுவோர் எம்மிற் பலர். இது பெருந் தவறு. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன. ஒருவகை வந்து மாறினால் அவ்வகைக்கே நீண்ட காப்பு உண்டு. இரண்டாம் முறை வேறொரு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் அபாயம் கூடுதலாகும். எமது பெரியவர் தமது பழைய காய்ச்சலை ஒரு கவசமாக எண்ணியிருந்தார்; மெய்யில் அது ஓர் எச்சரிக்கையாகும்.

மூன்றாவதாக, வயது முதிர்ந்தோரும் நீரிழிவு, இருதய நோய் முதலியன உடையோரும். சிக்குன்குனியா உயிரைப் பறிப்பது அரிதெனினும் மூட்டுக்களை மாதக்கணக்காக வாட்டும். இந்து சமுத்திரம் அதனை நன்கறியும். 2004இல் கென்யாவின் கரையோரத்திற் கிளம்பிய அந்நோய், கொமரோ தீவுகளைக் கடந்து, 2005, 2006இல் றீயூனியன் தீவின் மக்களில் மூன்றிலொரு பங்கினரை வருத்தி, இந்தியாவிற் பரந்து, 2006இன் இறுதியில் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. அன்று மூட்டுவலியால் வளைந்து நடந்தவர்களை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆபிரிக்க, தென்னமெரிக்கத் துறைமுகங்கள் சிலவற்றுக்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சலையும் கணக்கிற் கொள்ளவேண்டும். இதற்கு நல்ல தடுப்பூசி உண்டு. போட்டுப் பத்து நாளின் பின்னரே அத்தாட்சிப் பத்திரம் செல்லும். 2016 முதல் அது ஆயுட்காலத்துக்குப் போதுமானது. அந்நோயுள்ள நாடுகளிலிருந்து இலங்கைக்கு வருவோரிடம் இப்பத்திரம் கேட்கப்படும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அறுபது வயது கடந்தோரும் வைத்தியரோடு ஆலோசியாது இதனைப் போட்டுக்கொள்ளலாகாது.

தராசின் மற்றத் தட்டு

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், “அப்படியானால் ஊரிலேயே இருப்பதுதான் உத்தமம்” என்றார். இங்கேதான் அவரை நாம் மறிக்கவேண்டி வந்தது.

2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கினாற் பாதிக்கப்பட்டனர். 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். தெற்கிலும் மேற்கிலும் தென்மேற்குப் பருவமழையோடு இந்நோய் பெருகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஐப்பசியிற் தொடங்கும் மாரி மழையை அடுத்து, மார்கழி, தை மாதங்களில் அது உச்சம் பெறும். 2023இன் முடிவிலும் 2024இன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்து வைத்தியசாலை விடுதிகள் டெங்கு நோயாளராற் நிறைந்திருந்தமை யாவரும் அறிந்ததே. கடல்கடந்த பிள்ளைகள் ஊர் திரும்பும் காலமும், பட்டங்கள் வானில் ஏறும் காலமும் இதுவேயன்றோ! பிறநாட்டுத் துறைமுகத்திற் கழிப்பது சில மணி நேரம். வல்வெட்டித்துறை வீட்டிற் கழிப்பதோ மூன்று வாரம். எந்தத் தட்டுத் தாழ்கின்றதென்பதை வாசகர்களே காண்க.

“கடற்கரை ஊர், உப்புத் தண்ணீர், இங்கே அந்த நுளம்பு வளராது” என்பாரும் உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரன், ரஞ்சன் இராமசாமி ஆகியோரும் உடனாய்வாளரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையைத் தகர்த்துவிட்டது. கரையோரத்திலே கைவிடப்பட்ட வள்ளங்களிலும், பாவனையற்ற கிணறுகளிலும், எறியப்பட்ட பிளாஸ்ரிக், கண்ணாடிக் கலங்களிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகளை அவர்கள் கண்டனர். கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு உண்டு. 15 பங்கு வரை உப்பேறிய நீரிலும் குடம்பிகள் காணப்பட்டன.

எனவே பிரயாண ஆயத்தம் பெட்டி அடுக்குவதோடு தொடங்குவதன்று. வளவைத் துப்புரவாக்குவதோடு தொடங்குவது. முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஒரு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கப்பலேறினால், மீளும்போது பூச்சாடித் தட்டும், கூரைப்பீலியும், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டும், சிரட்டையும் எமக்கு நுளம்புப் பட்டாளமொன்றை வளர்த்து வைத்திருக்கும். நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் காய்ந்து கிடந்தும் உயிரிழப்பதில்லை.

போகும்போதும் மீளும்போதும்

போவதென்று துணிந்தபின் செய்யவேண்டியவை கடினமானவையல்ல. பிரயாணத்துக்கு ஆறு வாரத்தின் முன்னரே துறைமுகங்களின் பெயர்ப்பட்டியலோடு குடும்ப வைத்தியரைக் காணுக. கரையிறங்கும்போது முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிக. வெளிர் நிறம் நன்று. நுளம்பு விரட்டித் தைலத்தைத் திறந்த தோலிற் பூசுக. வெயிற்காப்புக் களிம்பும் பூசுவதாயின் அது முந்தி, தைலம் பிந்தி. டீட் கலந்த தைலத்தைக் கர்ப்பிணிகளும் பயன்படுத்தலாம். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு ஆகாது. காய்ச்சல் பரவியிருக்கும் துறைமுகமானால், குழந்தைகளோடும் முதியோரோடும் கப்பலிலேயே தங்குவதில் இழுக்கொன்றுமில்லை.

மீண்டபின் இரண்டு வாரத்துக்குள் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், எந்தெந்தத் துறைமுகங்களில் இறங்கினோம் என்பதை வைத்தியருக்குத் தாமாகவே சொல்லவேண்டும். பரசிற்றமோலைத் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் முதலிய வலிநீக்கிகளைத் தாமாக விழுங்கலாகாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும். இருதயத்துக்கென நாளாந்தம் அஸ்பிரின் எடுப்போர் வைத்தியரை உடனே கேட்கவேண்டும். காய்ச்சல் இறங்கிவிட்டதென்று மகிழும் அந்த நாள்தான் டெங்கின் அபாய வாயில். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இன்னுமொரு கடமை உண்டு. காய்ச்சற்காரர் பகலிலும் நுளம்புவலைக்குள்ளேயே படுக்கவேண்டும். அவரைக் கடிக்கும் எம்மூர் நுளம்பு, பிறநாட்டு வைரசை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். அக்காலத்தில் நோயுள்ள கப்பல் மஞ்சட்கொடி ஏற்றித் துறைக்கு வெளியே காத்து நின்றதும் இத்தகைய கடமையுணர்ச்சியினாலேயே.

எமது பெரியவரின் வீட்டில் நடந்தது என்ன? கனடாவுக்குத் தொலைபேசியிற் பேசினார். மருமகள் தன் வைத்தியரோடு கலந்தாள். பிள்ளை பிறந்து வளரும்வரை மார்கழி வருகையும் கப்பற் பிரயாணமும் பிற்போடப்பட்டன. இலண்டன் மகள் மட்டும் பிள்ளைகளோடு பொங்கலுக்கு வருகின்றாள்.

“கப்பல் எங்கே போய்விடும்? அடுத்த முறை பேரப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போவோம்” என்றார் பெரியவர். பின்னர் எழுந்து, பின்வளவிலே பல ஆண்டாகக் குப்புறக் கவிழ்க்காமற் கிடந்த பழைய வள்ளத்தைக் காட்டி, “இதைப் புரட்ட ஒரு கை கொடு, தம்பி” என்றார்.

அதனுள் ஒரு சாண் மழைநீர் நின்றது. குனிந்து பார்த்தோம், குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.