முகிற் களஞ்சியத்தின் கணக்கப்பிள்ளை

ஏடுகளைக் கறையானும் கடற்காற்றின் ஈரமும் அழிப்பதைக் கரையோரத்தில் வாழும் நாம் நன்கறிவோம். தீயும் அழிக்கும் என்பதை, 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டபோது தமிழுலகம் கண்டது. இன்று நம் பழைய மாணவர் பலர் தம் நிழற்படங்களையும் கடிதங்களையும் ‘முகில்’ எனப்படும் சேமிப்பகத்தில் இட்டு வைக்கின்றனர். ஆங்கு அவை எங்ஙனம் காக்கப்படுகின்றன என்பதை மாணவரும் விளங்குமாறு ஈண்டுக் கூற முற்படுவோம்.

முகில் வானத்திலுள்ளதன்று. பெருங்கட்டடங்களுள் அடுக்கிவைத்த ஆயிரக்கணக்கான கணினிகளின் தொகுதியே அஃது. நாம் அனுப்பும் படம் ஆங்குத் துண்டுகளாகப் பிரிக்கப்படும், பிழையுளதா எனச் சோதிக்கப்படும், சுருக்கப்படும், பிறர் படிக்கவியலாத மறைகுறிகளாக மாற்றப்படும், பின்னர் வெவ்வேறு வட்டுகளில் வைக்கப்படும்.

ஒரு வட்டுப் பழுதடையின் யாது செய்வது? ஒரு வட்டில் 7, மற்றொன்றில் 5, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 12 உள்ளன எனக் கொள்வோம். 5 தொலைந்தால், 12 இலிருந்து 7 ஐக் கழித்து அதனை மீட்கலாம். முகிலில் நிகழ்வது இதனினும் நுட்பமான கணக்காயினும், அடிப்படை இதுவே.

இக்கணக்குகளை எல்லாம் முன்னர்க் கணினியின் மத்தியச் செயலியே செய்தது. பெரியதொரு தென்னந்தோட்டத்தின் உரிமையாளர் தாமே தேங்காய் எண்ணி, தரம் பிரித்து, பேரேடும் எழுதினால், தோட்டத்தை நடத்த அவருக்கு நேரமேது? அதற்கெனக் கணக்கப்பிள்ளை ஒருவரை அமர்த்துவதன்றோ முறை? அக்கணக்கப்பிள்ளையே ‘தரவுச் செயலி’. பிரித்தல், சுருக்கல், மறைத்தல், அனுப்புதல் ஆகிய சில பணிகளுக்கென்றே அமைக்கப்பட்டமையால், அவற்றை அது விரைவாகவும் குறைந்த மின்சாரத்திலும் முடிக்கின்றது.

அமேசான் நிறுவனம் 2017 இல் அறிமுகப்படுத்திய ‘நைட்ரோ’ அமைப்பு இத்தகைய பணிகளைத் தனி அட்டைகளிடம் ஒப்படைத்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பிரதீப் சிந்து அவர்கள், பெர்ட்ரான்ட் செர்லே என்பாருடன் 2015 இல் ‘ஃபஞ்சிபிள்’ நிறுவனத்தைத் தோற்றுவித்து, இவ்வகைச் செயலியை ஆக்கினார். அந்நிறுவனத்தை வாங்கியதாக மைக்ரோசாஃப்ட் 2023 சனவரியில் அறிவித்தது. 2024 நவம்பரில் தன் சொந்தத் தரவுச் செயலியை வெளிப்படுத்தியபோது, அதனைப் பொருத்திய கணினிகள் சேமிப்புப் பணிகளை மூன்றிலொரு பங்கு மின்வலுவில் நான்கு மடங்கு திறனுடன் ஆற்றும் எனத் தான் எதிர்பார்ப்பதாகவும் அந்நிறுவனம் கூறிற்று.

ஆயினும் கணக்கப்பிள்ளையின் வல்லமைக்கும் எல்லையுண்டு. மேற்கூறிய மூன்று எண்களுள் இரண்டு ஒருங்கே தொலைந்தால் எஞ்சிய ஒன்றைக்கொண்டு மீட்டல் இயலாது. உரியவரே கைதவறி அழித்துவிடின், அவ்வழிப்பையும் அது பழுதின்றி நிறைவேற்றும். ஆகவே அரிய பொருளுக்கு வேறோரிடத்திலும் ஒரு பிரதி வைத்தல் அறிவுடைமை.

அனைத்தினும் மேலாக, களஞ்சியத்தில் இடப்படாத நெல்லை எக்கணக்கப்பிள்ளையாலும் அளக்கவியலாது. நம் கல்லூரியின் பழைய மலர்களும் வகுப்புப் படங்களும் மதுரங்குளியிலும் அயலூர்களிலும் எத்தனையோ இல்லங்களின் பெட்டிகளுள் உறங்குகின்றன. கறையான் முந்துமுன் அவற்றைப் படியெடுத்துக் காத்தல், இந்த நிறைவாண்டில் நாம் கல்லூரித் தாய்க்குச் செய்யத்தக்க நற்பணியாகும்.