விழும் தாயும் நிற்கும் தாயும்

அன்னையரின் விசுவாசத்தையும் தியாகத்தையும் போற்றும் சமயச் சித்திரங்களுள், ரோகியர் வான் டெர் வைடன் தீட்டிய ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ தலையாயவற்றுள் ஒன்று. இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த லூவன் நகரின் குறுக்குவில் வீரர் சங்கத்தார், ஏறத்தாழ 1435ஆம் ஆண்டில், தங்கள் சிற்றாலயத்திற்கென இதனை வரைவித்தனர். சித்திரத்தின் மேல்மூலை வேலைப்பாடுகளில் சின்னஞ்சிறு குறுக்குவில்களை இன்றும் காணலாம். போர்க்கருவி தாங்கிய ஆடவர் தங்கள் வழிபாட்டிடத்திற்கு, துயரால் சாய்ந்து விழும் ஒரு தாயின் உருவத்தை ஏற்றுக்கொண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது. பிற்காலத்தில் ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் உடைமையாகிய இது, தற்போது மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

பத்து உருவங்கள், ஆழமற்ற பெட்டியொன்றில் செதுக்கி வைத்தாற்போல நெருக்கமாய் நிற்கின்றன. நடுவே கிறிஸ்துவின் உடல் சரிந்து இறங்குகிறது. அதன் கீழே, நீல அங்கி அணிந்த மரியாள் மயங்கி விழுகிறாள். மகனுடைய உடல் எவ்வாறு வளைந்திருக்கிறதோ அவ்வாறே தாயின் உடலும் வளைந்திருக்கிறது. மகன் உடலில் பட்டதைத் தாய் உள்ளத்தில் பட்டாள் என்பதே ஓவியர் கூறும் செய்தி. பட்டயம் அவள் ஆத்துமாவை ஊடுருவும் என்று சிமியோன் முன்னுரைத்ததற்கு (லூக்கா 2:35) வண்ணத்தில் எழுதிய விளக்கவுரை எனலாம்.

ஆயினும் நற்செய்தியாளர் யோவான், மரியாள் விழுந்தாள் என்று எழுதவில்லை. சிலுவையினருகே நின்றாள் என்றே எழுதுகிறார் (19:25). அவளுடைய மயக்கத்திற்கென ஒரு திருநாள் வேண்டுமென்ற கோரிக்கை, போப் இரண்டாம் ஜூலியஸின் காலத்தில் எழுந்தது. 1506இல் அதனை ஆராய்ந்து மறுத்தெழுதிய கயத்தான், இவ்வசனத்தையே முதன்மையான சான்றாகக் கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1518இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரை விசாரித்தவரும் இவரே. லுத்தரை எதிர்த்தவர் இங்கே திருமறையின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மக்களின் பக்திப்பெருக்கைத் திருத்த முயன்றார் என்பது சீர்திருத்தச் சபையாராகிய நமக்கு வியப்பளிக்கலாம்.

மீட்பின் செயலில் தாய்க்குப் பங்கு கற்பிக்கிறது இச்சித்திரம் என நம்மவருட் சிலர் ஐயுறலாம். இந்த ஐயம் அடிப்படையற்றதன்று. எனினும் ஓவியர் எல்லையை அறியாதவர் அல்லர். காயங்கள் மகனுக்கு மட்டுமே உரியன. தாயின் கையும் மகனின் கையும் அருகருகே தொங்கியும் ஒன்றையொன்று தொடவில்லை.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. அன்னையர் ஞாயிறுதோறும் நம் பிரசங்க பீடங்களிலும் விழும் தாயே புகழப்படுகிறாள். உண்ணாமல் ஊட்டினாள், உறங்காமல் காத்தாள் என்று அடுக்கிச் செல்லுகையில், அவள் எவ்வளவுக்குத் தன்னை இழக்கிறாளோ அவ்வளவுக்கு அவளை மெச்சுகிறோம்; அவள் என்ன நம்பினாள், எதைக் கேட்டாள், எங்கே நின்றாள் என்று வினவுவதில்லை. பிள்ளையை இழந்த தாயொருத்தி அவ்வாலயத்தில் அமர்ந்திருந்து, அழவும் இயலாமல் அப்புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். யோவான் காட்டும் தாயோ நிற்கிறாள். மகன் அவளோடு பேசுகிறார். அவளுக்கு ஓர் இல்லம் அளிக்கப்படுகிறது. பின்னர் மேல்வீட்டில் சீஷரோடு கூடி ஜெபிப்பவர்களுள் ஒருத்தியாகவும் அவளைக் காண்கிறோம் (அப்போஸ்தலர் 1:14).

இதனால் ரோகியரின் சித்திரத்தை ஒதுக்கிவிடல் வேண்டும் என்பதன்று நம் கருத்து. நிற்க இயலாத தாய்மாரும் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களை இச்சித்திரம் கடிந்துகொள்வதில்லை. மேலும், செவ்வாடை உடுத்து, குனிந்து அவளைத் தாங்கிப் பிடிப்பவன் யோவானே. மாணவர்களுக்கு இச்சித்திரத்தைக் காட்டுகையில், 25ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 27ஆம் வசனம் வரை ஒருவரை வாசிக்கச் செய்து, அதன்பின் யோவானின் கைகளைப் பார்க்கச் சொல்லுகிறோம்.