ஓட்டப் பந்தயத்துக்குக் கூரை எதற்கு?

சித்திரை மாதம். காரைக்குடி. காலை மணி ஒன்பது.

அதற்குள் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. விடியற்காலை 5 மணிக்கு மைதானத்துக்கு வந்த பிள்ளைகள் ஓடி முடித்துவிட்டு வீடு திரும்பிவிட்டார்கள். இனி மாலை 5 மணிக்கு மேல்தான் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியும்.

நடுவில் உள்ள எட்டு மணி நேரம்? வீண்தான்!

பள்ளிக்கூடம் லீவு விடுவதோ கோடையில். பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும்போது வெயில் விடுவதில்லை. சரி, வெயில் போகட்டும் என்று காத்திருந்தால் ஐப்பசி பிறந்துவிடுகிறது. மழை வந்து மைதானத்தைக் குளமாக்கிவிடுகிறது.

காரைக்குடியில் உடற்கல்விக்கென்றே தனிக் கல்லூரி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது அது. ஓடவும் தாண்டவும் ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் அங்கே பஞ்சம் இல்லை. பஞ்சமெல்லாம் நிழலுக்குத்தான்!

இதற்கு வழி உண்டா? உண்டு. அந்த வழியைக் கண்டுபிடித்தவர்கள் வெயில் நாட்டுக்காரர்கள் அல்ல. பனி நாட்டுக்காரர்கள்!

பனிக்குப் பயந்து போட்ட கூரை

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் பனி கொட்டும். மைதானம் வெள்ளை வெளேர் என்று மூடிக்கொள்ளும். மூன்று, நான்கு மாதம் ஓட முடியாது.

“வெளியே ஓட முடியாவிட்டால் என்ன? வீட்டுக்குள் ஓடுவோம்!” என்று அவர்கள் பெரிய பெரிய கட்டிடங்களுக்குள் பந்தயம் வைத்தார்கள். 1868-ம் ஆண்டிலேயே நியூயார்க் நகரில் கூரைக்குக் கீழே ஓட்டப் பந்தயம் நடந்திருக்கிறது. 1985-ம் ஆண்டில் பாரீஸ் நகரில் உலக நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து உள்ளரங்கத் தடகளப் போட்டி நடந்தது.

உள்ளரங்கம் என்றதும் பலருக்கு டேபிள் டென்னிஸ், கைப்பந்து ஆட்டங்கள்தான் நினைவுக்கு வரும். இது வேறு. கூரைக்குக் கீழே ஓடுதளமே இருக்கும்.

வெளி மைதானத்தில் ஒரு சுற்று என்பது 400 மீட்டர். கூரைக்குள் அவ்வளவு இடம் ஏது? ஆகவே ஒரு சுற்று 200 மீட்டர்தான். 400 மீட்டர் ஓடுகிறவர் இரண்டு முறை சுற்றி வரவேண்டும். 100 மீட்டர் ஓட்டத்துக்குப் பதிலாக 60 மீட்டர் ஓட்டம். நீளத் தாண்டல், உயரத் தாண்டல், மும்முறைத் தாண்டல், கோல் ஊன்றித் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாம் உண்டு. ஈட்டி எறிதலும் வட்டு எறிதலும் கிடையாது. கூரைக்குள் ஈட்டியை வீசினால் என்ன ஆகும்!

மரணக் கிணறு தெரியுமா?

திருவிழாக்களில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள்காரர் சுவரிலே சாய்ந்தபடி சுற்றுவார். விழமாட்டார். வேகமாகச் சுற்றுகிறவரை வெளியே தள்ளப் பார்க்கும் விசையைச் சாய்வு தாங்கிக்கொள்கிறது. ரயில் பாதையும் வளைவில் இப்படித்தான். வெளிப்பக்கத்துத் தண்டவாளம் சற்று உயர்ந்திருக்கும்.

200 மீட்டர் வட்டத்தில் வளைவு மிகவும் நெருக்கம். வேகமாக ஓடி வருகிறவரை அது வெளியே தள்ளிவிடும். அதனால் வளைவில் வெளிப்பக்கத்தை உயர்த்திச் சாய்வாகக் கட்டுகிறார்கள். அந்தச் சாய்வில் கால் பழக வேண்டும். பழகாதவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் திணறத்தான் வேண்டும்.

பனி ஊரில் தமிழ்ப் பிள்ளைகள்

2023-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். கஜகஸ்தான் நாட்டின் தலைநகரான அஸ்தானாவில் ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி நடந்தது. உலகத்திலேயே குளிர் மிகுந்த தலைநகரங்களில் ஒன்று அது.

அந்தக் குளிர் ஊரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள்!

ஜெஸ்வின் ஆல்ட்ரின் 7.97 மீட்டர் நீளம் தாண்டினார். பிரவீன் சித்ரவேல் மும்முறைத் தாண்டலில் 16.98 மீட்டர் தாண்டினார். பவித்ரா வெங்கடேஷ் கோல் ஊன்றி 4 மீட்டர் உயரம் தாண்டினார்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே, மார்ச் 2-ந் தேதி, கர்நாடகத்தில் ஜெஸ்வின் 8.42 மீட்டர் தாண்டி இந்திய சாதனை படைத்தார். மே மாதம் கியூபா நாட்டில் பிரவீன் 17.37 மீட்டர் தாண்டி, மும்முறைத் தாண்டலில் புதிய இந்திய சாதனை படைத்தார். பிப்ரவரி மாதத்துப் போட்டி கோடைப் போட்டிக்கு நல்ல ஒத்திகை ஆகிறது. பனி நாட்டு வீரர்களுக்கு இந்த ஒத்திகை ஆண்டுதோறும் கிடைக்கிறது.

வெயில் நாடுகள் விழித்துக்கொண்டன

“வெயில் நாட்டுக்குக் கூரை எதற்கு?” என்று முன்பு கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குக் கத்தார் நாட்டில் பதில் கிடைத்தது.

2019-ம் ஆண்டில் அந்த நாட்டின் தலைநகரான தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. பெண்கள் மாரத்தான் ஓட்டத்தை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் புழுக்கம் விடவில்லை. ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர். ஓடி முடித்தவர்கள் 40 பேர்தான்!

அதே தோஹா நகரில் 2010-ம் ஆண்டு உலக உள்ளரங்கப் போட்டி நடந்தது. வெளியே பாலைவனம். உள்ளே குளிர்ச்சி. பிரான்ஸ் நாட்டு வீரர் டெடி டாம்கோ அங்கே மும்முறைத் தாண்டலில் 17.90 மீட்டர் தாண்டி, உள்ளரங்கத்தில் அதுவரை எவரும் தாண்டாத தூரத்தைத் தொட்டார்.

தாய்லாந்தும் நம் ஊரைப் போல வெயிலும் மழையும் உள்ள நாடுதான். 2006-ம் ஆண்டின் ஆசிய உள்ளரங்கப் போட்டி அந்த நாட்டின் பட்டாயா நகரில் நடந்தது.

இந்தியாவிலும் ஒன்று வந்துவிட்டது. ஒடிசா மாநிலம் புவனேஸ்வரத்தில், கலிங்கா விளையாட்டு வளாகத்தில், கூரை போட்ட 200 மீட்டர் ஓடுதளம் இருக்கிறது. ஆனால் காரைக்குடிப் பிள்ளை தினமும் புவனேஸ்வரம் போய்வர முடியுமா?

விதி மாறியது!

அத்தனை பெரிய அரங்கம் கட்டப் பணத்துக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். 2023-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி உலகத் தடகள சங்கம் ஒரு விதியை மாற்றியது.

அதுவரை “உள்ளரங்க சாதனை” என்று பெயர் இருந்தது. இப்போது “குறுகிய ஓடுதள சாதனை” என்று பெயர். ஒரு சுற்று 201.2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான்! தலைக்கு மேல் கூரை இருந்தாலும் சரி, வானம் இருந்தாலும் சரி.

இது பனி நாட்டுக்குப் பெரிய செய்தி அல்ல. குளிர்காலத்தில் அவர்களால் வெளியே ஓட முடியாது. வெயில் நாட்டுக்குத்தான் இது நல்ல செய்தி. தை, மாசியில் சிவகங்கைச் சீமையில் மழையும் இல்லை, கடும் வெயிலும் இல்லை. மாலையில் விளக்குப் போட்டால் திறந்த வெளியிலேயே போட்டி நடத்தலாம். 400 மீட்டர் ஓடுதளத்துக்கு வேண்டிய நிலத்தில் பாதிகூட இதற்குத் தேவையில்லை.

செட்டிநாட்டு வீடு சொல்லும் பாடம்

போட்டிக்கு வழி பிறந்தது. கோடைப் பயிற்சிக்கு?

அதற்குச் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தால் போதும். ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லைவாசல் என்று நீளும் வீடுகள் அவை. உயர்ந்த கூரை. கனத்த சுவர். நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும். வெளியே அனல் பறந்தாலும் வளவில் உட்கார்ந்தால் குளுகுளு என்று இருக்கும். ஏ.சி. மெஷின் வருவதற்கு வெகு காலம் முன்பே முன்னோர் கண்ட வழி இது.

ஓடுகிறவருக்கும் இதுவே போதும். மேலே உயரமான கூரை. பக்கங்களில் காற்று வர வழி. 60 மீட்டர் நேர் ஓட்டத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? புறப்படும் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர். முடிந்த பிறகு வேகம் குறைத்து நிற்க 15 மீட்டர். மொத்தம் 78 மீட்டர் நீளம். ஓர் ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர். ஆறு பேர் ஓட 7.32 மீட்டர் அகலம்.

ஒரு நீளமான கொட்டகை. அவ்வளவுதான்! ஓரத்தில் ஒரு மணல் குழி வெட்டிவிட்டால் நீளத் தாண்டலுக்கும் ஆயிற்று. கோடையில் நிழல். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு ஒதுங்க இடம்.

பனி நாட்டுப் பிள்ளைக்கு அந்த ஊர்ப் பெரியவர்கள் கூரை போட்டுக் கொடுத்தார்கள். அதனால் அந்தப் பிள்ளை ஆண்டு முழுவதும் ஓடுகிறது. காரைக்குடிப் பிள்ளை காலை ஒன்பது மணிக்கு ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போகிறது.

தலைக்கு மேல் ஒரு கொட்டகை இருந்தால், அந்தப் பிள்ளை பத்து மணிக்கும் ஓடும். பதினொரு மணிக்கும் ஓடும்.