உங்களுக்குத் தெரியுமா? கழுத்து எலும்பு உடைந்த பிறகும் கோல் காத்தவர்!

1956 மே 5, லண்டன் வெம்ப்ளி மைதானம். எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் முதல் டிவிஷன் அணிகளான மான்செஸ்டர் சிட்டியும் பர்மிங்ஹாம் சிட்டியும் மோதின. மான்செஸ்டர் 3-1 என முன்னிலை. முடிய இன்னும் 17 நிமிடம். எதிரணியின் பீட்டர் மர்ஃபி பாய்ந்து வர, அவர் காலடியில் விழுந்து பந்தைப் பிடித்தார் கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன். மர்ஃபியின் முழங்கால் அவர் கழுத்தில் இடித்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்றைய விதியில் இடமில்லை. கழுத்தைக் கையால் பிடித்தபடியே கடைசி விசில் வரை நின்றார். அடுத்த கோல் விழவே இல்லை! பதக்கம் வாங்கும்போதும் தலை நேராக நிற்கவில்லை. சில நாள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் கழுத்து முள்ளெலும்பு உடைந்திருப்பது தெரிந்தது. பக்கத்து எலும்பு நகர்ந்து முட்டுக்கொடுத்ததால் உயிர் தப்பினார்.

இதைவிடப் பெரிய சங்கதி, அவர் ஜெர்மானியர் என்பதுதான். உலகப் போரில் பாராசூட் படைவீரர். போர்க்கைதியாக இங்கிலாந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். 1949இல் மான்செஸ்டர் அணி அவரைச் சேர்த்தபோது ஆயிரக்கணக்கானோர் எதிர்த்தார்கள். யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன் பெருந்தன்மையோடு அவருக்காகப் பேசினார். 1956இல் இங்கிலாந்தின் சிறந்த கால்பந்து வீரர் விருதும் டிராட்மனுக்கே. அதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான்.