ஏற்புக் கையொப்பம்: ஈ.ஆர்.பி. திட்டங்களில் உரிமை கைநழுவும் இடம்

ஒரு நிறுவனத்தின் கொள்முதல், சரக்கிருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு, சம்பளம் ஆகிய அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தின் மேல் இயங்கச் செய்யும் மென்பொருள், நிறுவன வளத் திட்டமிடல் அமைப்பு எனப்படுகிறது. வழக்கில் அது ஈ.ஆர்.பி. என்ற மூன்றெழுத்தாலேயே அறியப்படுகிறது. கிடங்கில் ஒரு மூட்டை இறங்கிப் பதிவானதும் இருப்பு கூடி, விற்றவருக்குத் தரவேண்டிய தொகையும் பேரேட்டில் ஏறிவிடுவது இதன் பயன். அந்த முதற்பதிவில் புகுந்த பிழையும் அதே வேகத்தில் எல்லாத் துறைகளுக்கும் போய்ச் சேர்வது இதன் ஆபத்து. திட்டம் முறிந்தால் இழப்பீடு கேட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் வாங்குவோர் பலர் இருக்கின்றனர். கேட்கும் உரிமையோ, பெரும்பாலும் வழக்குமன்றத்தை எட்டுவதற்கு முன்பே, நெருக்கடியில் இடப்பட்ட ஏதோ ஒரு கையொப்பத்தில் கரைந்துபோயிருக்கும்.

இதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறையின் சம்பள அமைப்பைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்கே பழைய சம்பள மென்பொருளை அகற்றி, எஸ்.ஏ.பி., ஒர்க்பிரெய்ன் ஆகிய இரண்டு மென்பொருள்களையும் இணைத்த புதிய அமைப்பை நிறுவும் பொறுப்பு, 2007 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 78,000 ஊழியர்கள், பல தொழில் ஒப்பந்தங்கள், ஏறத்தாழ 200 வகைப் படிகள், இவை ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கிய 24,000க்கும் மேற்பட்ட சம்பளக் கணக்கீட்டு வகைகள் என்ற சிக்கலுக்கு முதலில் பேசப்பட்ட விலை ஏறத்தாழ 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மட்டுமே. தேதி பலமுறை தள்ளிப்போன பின், 2010 மார்ச்சில் அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. வந்ததும் சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்குக் கூடியது, சிலருக்கு வரவே இல்லை. 2013இல் அறிக்கை அளித்த ரிச்சர்ட் செஸ்டர்மன் விசாரணை ஆணையத்தின் கணக்கில், அமைப்பைச் சீர்செய்து நடத்துவதற்கான மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலரை எட்டும்.

இந்தத் தொகையைவிடக் கவனிக்கத்தக்கவை இரண்டு கையொப்பங்கள். முதலாவது, ஏற்புச் சோதனை தொடர்பானது. நிறுவுநர் கட்டித்தந்த அமைப்பை, அதை அன்றாடம் கையாளப்போகும் ஊழியர்களே உண்மையான பணிகளைக் கொண்டு சோதித்து, குறைகளைத் தீவிர வரிசையில் பதிந்து, தீர்ந்த பிறகே ஒப்புக்கொள்வது ஏற்புச் சோதனை எனப்படும். குவீன்ஸ்லாந்தில் சோதனையில் வெளிப்பட்ட குறைகளைத் தீர்ப்பதற்குப் பதிலாக, அவற்றின் தீவிரம் குறைத்து வகைப்படுத்தப்பட்டு, கையால் சமாளித்துக்கொள்ளும் ஏற்பாடுகளோடு திட்டம் நகர்ந்தது. பழைய அமைப்பையும் புதியதையும் அருகருகே ஓட்டி, ஒவ்வொரு ஊழியரின் சம்பளமும் இரண்டிலும் ஒன்றாக வருகிறதா என்று முழுமையாக ஒப்பிடவும் இல்லை. பழைய மென்பொருள் எந்நேரமும் நின்றுவிடலாம் என்ற அச்சமே இந்த அவசரத்துக்குக் காரணமாக இருந்தது என்பதால், முடிவெடுத்தவர்களை வெறும் அலட்சியக்காரர்கள் என்று ஒதுக்கிவிடவும் இயலாது.

இரண்டாவது கையொப்பம் அதைவிடக் கனமானது. குறைகளைச் சரிசெய்யும் பணி தொடர வேண்டும் என்பதற்காக, 2010இல் மாநில அரசு நிறுவுநரான ஐ.பி.எம்.முடன் ஓர் இணக்க உடன்பாடு செய்துகொண்டு, அதில் தன் கோரிக்கைகளை விட்டுக்கொடுத்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் அரசு வழக்குத் தொடுத்தபோது, அந்த விடுவிப்பு செல்லும் என்று 2015 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் நிறுவுநருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தவறு யாருடையது என்ற கேள்விக்குள் நுழையவேண்டிய தேவையே நீதிமன்றத்துக்கு எழவில்லை.

இந்தியச் சட்டத்தின்கீழும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, தனக்கு வரவேண்டிய கடப்பாட்டை ஒருவர் முழுதாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்க இடமளிக்கிறது. அதற்குக் கைம்மாறு பெற்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எனவே பாக்கித் தொகையைப் பற்றிய பேச்சுவார்த்தையின் முடிவில் 'இனி இருதரப்பிலும் கோரிக்கை ஏதும் இல்லை' என்று கணக்குப் பிரிவு மேலாளர் எழுதித்தரும் ஒரு வரி, வஞ்சனையோ வற்புறுத்தலோ நிரூபிக்கப்படாத வரை, முழு உரிமையையும் மூடிவிடக்கூடும். குறைகள் எஞ்சியிருக்கையில் பணம் தரவேண்டியிருந்தால், அவற்றின் பட்டியலை இணைத்து, உரிமை ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது என்று அதே கடிதத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குவோரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது; சுயதொழிலால் பிழைப்பு நடத்துவோருக்கு மட்டும் விலக்கிலிருந்து ஒரு சிறு வழி இருக்கிறது. ஆலைகளுக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் எஞ்சுவது ஒப்பந்தச் சட்டமே. அதன் 73ஆம் பிரிவின்படி, மீறலால் இயல்பாக விளைந்த இழப்புக்கும், ஒப்பந்தம் செய்தபோதே இருதரப்பும் அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு கிடைக்கும்; தொலைவான, மறைமுகமான இழப்புக்குக் கிடைக்காது. தீபாவளிச் சரக்கு குறித்த நாளில் வெளியேறாவிட்டால் எவ்வளவு நட்டம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தால், நிறுவுநர் அதை அறிந்திருந்தார் என்பதற்கு அந்த வரியே சாட்சியாகும். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் நான்காண்டுப் பணியை இரண்டரை ஆண்டுக்குள் சுருக்கி, 1999 ஜூலையில், ஹாலோவீன் விற்பனைக்குச் சற்றுமுன் புதிய அமைப்புக்கு மாறி, கிடங்கில் இனிப்பு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் தவித்தது தொழில்துறை அறிந்த கதை. மாறும் நாளைத் தேர்வதும் வாங்குபவரின் உரிமைதான். பண்டிகைக் காலத்தில் அதை விட்டுக்கொடுக்கலாகாது.

இழப்பீட்டுக்கு உச்சவரம்பு விதிக்கும் வாசகம் ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். செலுத்திய கட்டணத்துக்கு மேல் எதுவும் கேட்க முடியாது என்பதே அதன் சாரம். அதை முற்றிலும் நீக்கச் சிறு நிறுவனங்களால் இயலாதெனினும், தரவு இழப்பு, இரகசிய மீறல் ஆகியவற்றை வரம்புக்கு வெளியே வைக்குமாறு கேட்கலாம். தகராறு மூண்டபின் நடுவர் மன்ற வாசகம் இருந்தால் அவ்வழியும், இல்லையெனில் வணிக நீதிமன்றமும் உண்டு. பின்னதில் அவசர நிவாரணம் தேவைப்படாத வழக்குகளுக்கு முன்சமரச முயற்சி கட்டாயம். மீறல் நிகழ்ந்து மூன்றாண்டுக்குள் வழக்கு தொடுக்கப்பட வேண்டும் என்பதால், 'அடுத்த மாதம் சரிசெய்துவிடுவோம்' என்ற வாக்குறுதிகளில் காலத்தைக் கழிப்பதும் ஓர் உரிமை இழப்பே.

வழக்கைவிட முந்திக் கவனிக்கவேண்டியது, மென்பொருள் அறியாத தொழில் நடைமுறை. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தின் நூல் நிட்டிங்குக்கும், துணி சாயப்பட்டறைக்கும், பின்னர் சுருக்கத்தை நிலைப்படுத்தும் காம்பேக்டிங்குக்கும் வெளியே சென்று திரும்புகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எடை குறைகிறது. சரக்கு வேறிடத்தில் இருந்தாலும் உடைமை மாறுவதில்லை. ஜாப் ஒர்க் எனப்படும் வெளிக்கூலி வேலைக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பிவர வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. விதியும் இதோடு பின்னிக் கிடக்கிறது. இவற்றை 'தேவைப்படும் மாற்றங்கள் செய்துதரப்படும்' என்ற ஒற்றை வரியில் அடக்கிவிட்டால், பின்னர் ஒவ்வொன்றும் கூடுதல் கட்டண வேலையாகத் திரும்பிவரும். தொழிலை எல்லாம் மென்பொருளுக்காக வளைப்பது, மென்பொருளை எல்லாம் தொழிலுக்காகத் திருத்துவது இரண்டுமே கேடு. கொள்முதல் விலையில் இருப்பை மதிப்பிடும் தன் வழக்கத்துக்கேற்ப எஸ்.ஏ.பி.யைத் திருத்தி வந்த ஜெர்மனியின் லிடில் அங்காடிக் குழுமம், ஏழாண்டு உழைப்புக்குப் பின் 2018இல் திட்டத்தையே கைவிட்டது. செலவு ஏறத்தாழ 50 கோடி யூரோ என்று செய்திகள் வெளியாயின.

சட்டக் கடமையை மென்பொருள் விற்றவர்மேல் தள்ளிவிட முடியாத இடங்களும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய நிதியாண்டுகளில், கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும், பதிவுகளில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் தானே பதிந்துவைத்து, யாராலும் அணைக்க முடியாதபடி இயங்கும் தடச்சுவடு வசதியுள்ள மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். தணிக்கையாளர் அதைப் பற்றி அறிக்கையில் சொல்லியாக வேண்டும். வசதி இருந்தும் நிறுவுநரின் ஊழியர் வேகத்துக்காக அதை அணைத்துவைத்திருந்தால், பதில் சொல்ல வேண்டியது கம்பெனியே. சம்பளமும் அப்படித்தான்: மென்பொருள் கோளாறு சம்பளத் தாமதத்துக்குச் சட்டம் ஏற்கும் சாக்காகாது. குவீன்ஸ்லாந்துச் செவிலியர் சிலர், தங்கள் பிழையே இல்லாமல் கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தருமாறு பின்னர் கேட்கப்பட்டனர். ஊழியருக்குச் சம்பளச் சீட்டின் ஒவ்வொரு வரியும் விளங்குமாறு தரப்படுவதும், ஐயத்தை எழுத்தில் எழுப்பவும் பதில் பெறவும் ஓர் ஆள் நியமிக்கப்படுவதும் நிறுவனம் செய்யவேண்டிய குறைந்தபட்ச ஏற்பாடு.

கடைசியாக, பிரிவது பற்றிய வாசகம். திருமணப் பேச்சில் மணமுறிவைப் பேசுவதுபோல் இதை எடுக்க இருதரப்பும் கூச்சப்படுவதால், பல ஒப்பந்தங்களில் அந்தப் பக்கமே வெறுமையாக இருக்கிறது. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டுகள் காக்க வேண்டும் என்று சட்டம் சொல்கையில், மேகக் கணினிச் சேவையின் சந்தா நின்ற மறுநாளே திரை அணைந்துவிடுமானால் அந்தக் கடமையை நிறைவேற்றுவது எப்படி என்ற கேள்வி எழுகிறது. தரவு வாங்குபவருக்கே உரியது என்பதோடு, எந்த வடிவில், எத்தனை நாளுக்குள், என்ன கட்டணத்தில் அது கைக்கு வரும் என்பதும், கட்டணத் தகராறு நிலுவையில் இருந்தாலும் அணுகலைத் துண்டிக்கலாகாது என்பதும் அந்தப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். எழுதப்பட்டதோடு நில்லாமல், ஆண்டுக்கொருமுறை தரவை உண்மையாகவே வெளியே எடுத்து, பேரேட்டின் இறுதித் தொகைகளோடும் கிடங்கில் கையால் எண்ணிய இருப்போடும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிறுவனத்துக்கு, தன் தரவு முழுமையாக இருக்கிறதா என்பது பிரிவு வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.